கடலில் போய் முடியும் நெடுஞ்சாலை: வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனின் 'ஏ 5' நெடுஞ்சாலையைப் பற்றிக் கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, விரிவான பதிலை இந்த இதழில் தருவதாகச் சொல்லியிருந்தோம். அதைப் படித்த பாம்பன், இராமநாதபுரம், தங்கச்சிமடம் வாசகர்களும் அதே சாலையைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அந்த ஒரு சாலைக்கே.

கேள்வி: என் மகன் பர்மிங்ஹாமுக்கு அருகில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். எப்போது பேசினாலும் "ஏ 5 ரோட்டில் வந்துகொண்டிருக்கிறேன் வாப்பா" என்கிறான். அது ரோமானியர் போட்ட சாலை என்றும் சொல்கிறான். ஒரு சாலை இத்தனை காலம் நிலைக்குமா? அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? (கீழக்கரை வாசகர்)

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை, ஆனால் சாலையின் முதல் பாதிக்கு மட்டுமே அது பொருந்தும். ஏ 5 லண்டன் நகரின் மார்பிள் ஆர்ச் என்ற பளிங்கு வளைவின் அருகே தொடங்கி, இங்கிலாந்தை வடமேற்காகக் கடந்து, வேல்ஸ் நாட்டு மலைகளுக்குள் நுழைந்து, ஆங்கிள்சி தீவைத் தாண்டி, ஹோலிஹெட் துறைமுகத்தில் முடிகிறது. மொத்த நீளம் சுமார் 250 மைல், அதாவது ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

இதில் லண்டனிலிருந்து ஷ்ரூஸ்பரி நகரை நெருங்கும் வரையுள்ள பகுதி, பெரும்பாலும் ரோமானியர் காலத்துச் சாலையின் மேலேயே செல்கிறது. கி.பி. 43-ல் பிரிட்டன்மீது படையெடுத்த ரோமானியர், டோவர் கடற்கரையிலிருந்து லண்டன் வழியாக, இன்று ராக்ஸிட்டர் எனப்படும் விரோகோனியம் என்ற தங்கள் படைநகர் வரை இதை அமைத்தார்கள். அவர்கள் இதற்கு வைத்த பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று வழங்கும் 'வாட்லிங் ஸ்ட்ரீட்' என்ற பெயர் பிற்காலத்து ஆங்கிலோ-சாக்சன் மக்கள் வைத்தது. செயின்ட் ஆல்பன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஒரு குடியினரின் பெயரிலிருந்து அது வந்தது. வரைபடத்தைத் திறந்து லண்டனின் எட்ஜ்வேர் ரோடு செல்லும் போக்கைப் பாருங்கள்: நூல் பிடித்துப் போட்டது போல் மைல் கணக்கில் நேராகப் போகும். அந்த நேர்கோடு ரோமானியர் போட்டது.

நிலைத்தது அவர்கள் பரப்பிய கல் அன்று, நிலைத்தது தடம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னருக்கும் டேனிஷ் தலைவர் குத்ரமுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் இரு தரப்பு நிலங்களுக்கும் எல்லையாகக் குறிக்கப்பட்டவற்றுள் இந்தச் சாலையும் ஒன்று. இன்றும் வார்விக்ஷயர், லெஸ்டர்ஷயர் என்ற இரு மாவட்டங்களின் எல்லை நெடுந்தூரம் இச்சாலையை ஒட்டியே செல்கிறது. டன்ஸ்டபிள், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு, டவ்செஸ்டர், ஹிங்க்லி, ஆதர்ஸ்டன், டாம்வொர்த், கானக் என்று ஊர்கள் வரிசையாக வரும். டாவென்ட்ரி, லட்டர்வொர்த் பக்கத்தில் இச்சாலையை ஒட்டிப் பெரும் கிடங்கு வளாகங்கள் இருக்கின்றன. உங்கள் மகனின் வேலையிடமும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

ஷ்ரூஸ்பரிக்கு அப்பால் உள்ளது முற்றிலும் வேறு சாலை. அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் அமைத்தது. ஆஸ்வெஸ்ட்ரி, சர்க், லாங்கோலென், கார்வென், பெட்ஸ்-இ-கோயிட், கேப்பல் கியூரிக், பெதெஸ்டா, பேங்கர் என்று மலையும் பள்ளத்தாக்குமாகச் செல்லும் அந்த வழியில் நேர்கோட்டுக்கு இடமே இல்லை. ரோமானியர் நேராகப் போவதையே முதன்மையாகக் கருதினார்கள். டெல்ஃபோர்டு ஏற்றம் குறைவாக இருப்பதை முதன்மையாகக் கருதினார்.

கேள்வி: அதை 'டிரங்க் ரோடு' என்கிறார்களே, அதன் பொருள் என்ன? எல்லாப் பெரிய சாலையும் டிரங்க் ரோடுதானா? (இராமநாதபுரம் வாசகி)

பதில்: 'டிரங்க்' என்பது மரத்தின் அடிமரத்தைக் குறிக்கும். கிளைச் சாலைகள் எல்லாம் வந்து சேரும் அடிமரம் போன்ற சாலை டிரங்க் ரோடு. சென்னைக்குத் தெற்கே 'ஜி.எஸ்.டி. ரோடு' (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) என்று நாம் சொல்வதிலும் 'டி' என்ற எழுத்துக்குரியது இதே சொல்தான். ஆனால் பிரிட்டனில் இச்சொல்லுக்குச் சட்டப்படியான பொருள் ஒன்று உண்டு: உள்ளூர் மன்றத்தின் பொறுப்பில் இல்லாமல், நாட்டின் அரசே நேரடியாகப் பொறுப்பேற்றுப் பராமரிக்கும் சாலையே டிரங்க் ரோடு. அகலமோ வாகனங்களின் எண்ணிக்கையோ அதைத் தீர்மானிப்பதில்லை. யார் பொறுப்பு என்பதே தீர்மானிக்கிறது. ஏ 5 சாலையின் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சாலைகள் 'டர்ன்பைக் டிரஸ்ட்' எனப்படும் உள்ளூர்க் குழுக்களிடம் இருந்தன. ஒவ்வொரு குழுவும் தன் பங்குக்குச் சில மைல் தூரத்தை வைத்துக்கொண்டு, குறுக்கே தடுப்பு போட்டுச் சுங்கம் வாங்கி, அந்த வருவாயில் சாலையைச் செப்பனிடும். மக்கள் நெருக்கமாக வாழ்ந்த சமவெளியில் இது ஓரளவு நடந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த வேல்ஸ் மலைகளில் சுங்க வருவாயும் இல்லை, நல்ல சாலையும் இல்லை. ஒரு குழு தன் எல்லையை எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும், அடுத்த குழுவின் எல்லையில் வண்டி குடை சாய்ந்தால் பயணிக்கு என்ன பயன்?

1801 ஜனவரி 1 அன்று அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. டப்ளினில் இருந்த நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, அயர்லாந்து உறுப்பினர்கள் லண்டனுக்கே வரவேண்டியதாயிற்று. கப்பலில் ஹோலிஹெட் வந்திறங்கிய அவர்கள், மீதி வழியை இந்த மலைச்சாலையில் கோச்சு வண்டியில் கடந்தார்கள். அவர்களுள் ஒருவரான சர் ஹென்றி பார்னெல் நாடாளுமன்றத்தில் விடாது வாதாடினார். 1815-ல் அரசே பணம் ஒதுக்கி இச்சாலையைச் சீரமைக்கச் சட்டம் வந்தது. பணி டெல்ஃபோர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 1819-ல் வேல்ஸ் பகுதியில் சிதறிக் கிடந்த குழுக்களை ஒன்றாக்கி, ஷ்ரூஸ்பரிக்கு மேற்கே உள்ள சாலையை ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். டெல்ஃபோர்டின் பாலங்களைப் புகழ்வோர் பலர். இந்த நிர்வாக மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாலங்களுக்குப் போய்ச் சேர வழியே இருந்திருக்காது என்பது என் கருத்து.

பின்னர் 1920-களின் தொடக்கத்தில் சாலைகளுக்கு எண் கொடுத்தபோது, லண்டனிலிருந்து பிரியும் பெருஞ்சாலைகளுக்குக் கடிகார முள் சுற்றும் திசையில் 1 முதல் 5 வரை எண் வைத்தார்கள்: ஏ 1 வடக்கே எடின்பரோவுக்கு, ஏ 2 டோவருக்கு, ஏ 3 போர்ட்ஸ்மவுத்துக்கு, ஏ 4 மேற்கே பாத் நகர் வழியாக, ஏ 5 ஹோலிஹெட்டுக்கு. 1936-ல் இயற்றிய டிரங்க் சாலைகள் சட்டத்தின்படி, மறு ஆண்டு ஏப்ரல் 1 முதல் சுமார் 4,500 மைல் நீளமுள்ள 30 சாலைகளை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் ஏ 5 இருந்தது. 1815-ல் ஒரு சாலைக்குச் செய்ததை அப்போது நாடு முழுவதற்கும் செய்தார்கள். பொறுப்பை மாற்றினால் சாலையின் தகுதியும் மாறும்: டன்ஸ்டபிள் நகருக்கு வடக்கே 2017-ல் புறவழி திறந்த பிறகு, நகருக்குள் செல்லும் பழைய தடம் டிரங்க் ரோடு என்ற நிலையை இழந்து உள்ளூர் மன்றத்தின் கைக்குப் போனது. நம்மூர்ச் சாலை தேசிய நெடுஞ்சாலை 49 ஆக இருந்து 87 ஆன கதை வேறு. அங்கே எண்தான் மாறியது.

கேள்வி: நான் பாம்பனில் மீன்பிடித் தொழிலில் உள்ளவன். 200 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சாலைக்காகக் கடலின்மேல் சங்கிலியில் தொங்கும் பாலம் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் பாம்பன் பாலம்போல் திறந்து மூடுகிற அமைப்பு ஏன் வைக்கவில்லை? படகுகள் எப்படிப் போயின? (பாம்பன் வாசகர்)

பதில்: கடலை அறிந்தவர் கேட்கிற கேள்வி இது. வேல்ஸ் நிலப்பகுதிக்கும் ஆங்கிள்சி தீவுக்கும் இடையில் மெனாய் என்ற கடற்கால் ஓடுகிறது. நம் பாம்பன் கால்வாயைவிட அகலம் மிகக் குறைவு. ஆனால் இரு கரையும் உயர்ந்த பாறை, நடுவில் பாறைத் திட்டுகள், இரு முனைகளிலும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்கும் ஓதம். அதனால் நீரோட்டம் மிகக் கடுமையாக இருக்கும், சுழிகளும் உண்டு. பாலம் இல்லாத காலத்தில் மக்கள் ஓடத்தில் கடந்தார்கள். ஆங்கிள்சியின் மாடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் அவற்றைக் கடலில் இறக்கி நீந்தவிட்டே மறுகரை சேர்த்தார்கள். 1785-ல் 55 பேரை ஏற்றிவந்த ஓடம் ஒன்று மணல்திட்டில் தட்டியதில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார்.

டெல்ஃபோர்டு முதலில் வார்ப்பிரும்பு வளைவுப் பாலம் ஒன்றைத் திட்டமிட்டார். அக்கடற்காலில் பாய்மரக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்ததால், கட்டும்போதும் கட்டிய பிறகும் அவற்றின் வழி அடைபடக் கூடாது என்பதில் கடற்படை நிர்வாகம் உறுதியாக நின்றது. கொடிமரம் தட்டாமல் கப்பல் போகவேண்டுமென்றால், உயர்ந்த ஓத மட்டத்திலிருந்து 100 அடிக்குமேல் பாலத்தின் அடிப்பகுதி இருக்கவேண்டும். நீரில் நடுத்தூணும் சாரமும் இருக்கக் கூடாது. தூணும் சாரமும் இல்லாமல் அகன்ற இடைவெளியைக் கடக்கத் தொங்குபாலமே வழியாயிற்று.

பாம்பனில் நிலைமை வேறு. நம்முடைய கடற்கால் இரண்டு கிலோமீட்டருக்குமேல் அகலம், கரையோ தாழ்ந்த மணற்கரை. ரயில் ஏறுவதற்கு ஏற்றம் மிகக் குறைவாக இருக்கவேண்டும். பாலத்தை 100 அடி உயரத்துக்குக் கொண்டுபோவதானால் இருபுறமும் எத்தனையோ கிலோமீட்டர் தூரத்துக்குக் கரை போட்டு ஏற்றவேண்டும். எனவே 1914-ல் திறந்த பழைய பாலம் தாழ்வாகவே போய், கப்பல் வரும்போது நடுவில் இருபுறமும் தூக்கித் திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழுகிறது. அதன் அருகிலேயே 1988-ல் திறந்த சாலைப் பாலமோ நடுவில் உயர்ந்து, படகுகளைத் தன் அடியில் போகவிடுகிறது. பாலத்தின் அடியில் உங்கள் படகு போகும்போது அண்ணாந்து பார்த்தால் தெரிகிற அந்த உயரம், மெனாயில் டெல்ஃபோர்டு எடுத்த அதே முடிவின் சாயல்தான்.

வேலை 1819-ல் தொடங்கியது. பென்மன் என்ற இடத்தில் சுண்ணாம்புக் கல்லை வெட்டிப் படகில் கொண்டுவந்து இரு கோபுரங்களைக் கட்டினார்கள். இரும்பை ஷ்ராப்ஷயரில் வில்லியம் ஹேசல்டைன் என்ற வார்ப்பாலைக்காரர் செய்து அனுப்பினார். உப்புக் காற்றில் துரு ஏறாதிருக்க இரும்பைச் சூடாக்கி ஆளிவிதை எண்ணெயில் தோய்த்தார்கள். மொத்தம் 16 சங்கிலிகள். 1825 ஏப்ரல் 26 அன்று முதல் சங்கிலியின் நடுப்பகுதியை நீண்டதொரு தெப்பத்தில் ஏற்றி, ஓதம் ஏறி நீர் நின்ற நேரம் பார்த்து, இரு கோபுரங்களுக்கும் இடையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் ஒரு முனையை ஒரு பக்கச் சங்கிலியோடு பூட்டிவிட்டு, மறுமுனையை ஏறக்குறைய 150 பேர் நங்கூரம் இழுக்கும் உருளைகளைச் சுற்றி மேலே ஏற்றினார்கள். ஓதம் பார்த்து வலை இறக்குகிற உங்களுக்கு அந்தச் சிறுபொழுதின் அருமை தெரியும்: நீர் திரும்புவதற்குள் தெப்பத்தின் பாரம் இறங்கியாக வேண்டும். அந்த ஜூலைக்குள் மீதிச் சங்கிலிகளும் ஏறிவிட்டன.

1826 ஜனவரி 30 அன்று, விடியுமுன் இருட்டில், லண்டனிலிருந்து வந்த தபால் கோச்சு வண்டி முதலில் பாலத்தைக் கடந்தது. கோபுரங்களுக்கு இடையே 579 அடி, அதாவது 176 மீட்டர். அன்று உலகில் வேறெந்தப் பாலத்திலும் அவ்வளவு நீண்ட கண் இல்லை. பாலமும் சாலையும் சேர்ந்து, 36 மணி நேரமாக இருந்த லண்டன்–ஹோலிஹெட் பயணத்தை 27 மணி நேரமாகக் குறைத்தன.

காற்றின் வலிமையை அன்றைய பொறியாளர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மரத்தாலான தளம் மிக இலேசாக இருந்ததால் புயலில் அலைபோல் புரண்டது. 1839 ஜனவரிப் புயல் அதைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. 1893-ல் எஃகுத் தளம் போட்டார்கள். 1938 முதல் 1941 வரை, போக்குவரத்தை நிறுத்தாமலே, பழைய இரும்புச் சங்கிலிகளை எடுத்துவிட்டு எஃகுச் சங்கிலிகளை மாட்டினார்கள். 2022 அக்டோபரில் தொங்குகம்பிகளில் பழுது இருக்கலாம் என்ற அச்சத்தால் பாலத்தை மூடி, 2023 பிப்ரவரியில் எடைக் கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் நம் பாம்பன் பாலம் 46 நாட்களில் மீண்டும் எழுந்ததைப் பெருமையோடு நினைக்கிறோம். கடல்மேல் பாலம் வைத்திருப்பவர்களுக்குப் பழுது பார்ப்பது என்றும் ஓயாத வேலை.

கேள்வி: நான் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறேன். டெல்ஃபோர்டு முறை, மெக்காடம் முறை என்று இரண்டு பாடத்தில் வருகின்றன. நம் பக்கத்துக் கப்பி ரோடுகள் எந்த முறையைச் சேர்ந்தவை? (இராமநாதபுரம் மாணவி)

பதில்: இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஒரே காலத்தவர்கள், கருத்தில் மட்டும் வேறுபட்டவர்கள். டெல்ஃபோர்டு ஆடு மேய்ப்பவரின் மகன், கல்தச்சராகத் தொடங்கியவர். கல்லைக் கையால் அடுக்கிய அனுபவம் அவருடைய சாலையிலும் தெரிகிறது. அடியில் பெரிய கற்களை, அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி கையாலேயே நெருக்கி அடுக்குவார். நடுவில் சுமார் 7 அங்குலமும் ஓரத்தில் அதைவிடக் குறைவாகவும் வைப்பதால் சாலை இயல்பாகவே நடுவில் மேடாகி நீர் வடியும். அதன்மேல் இரண்டரை அங்குல வளையத்தில் நுழையக்கூடிய அளவு உடைத்த சல்லியை 6 அங்குலம் பரப்பி, எல்லாவற்றுக்கும் மேல் சரளை போடுவார். ஜான் லூடன் மெக்காடமோ அடியில் பெருங்கல்லே வேண்டாம் என்றார். மண் உலர்ந்திருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும். நீர் இறங்காதபடி சிறு சல்லியை ஏறக்குறைய 10 அங்குலம் போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டினால் போதும் என்பது அவர் கொள்கை. செலவு மிகக் குறைந்ததால் உலகம் மெக்காடத்தைப் பின்பற்றியது.

நம் கப்பி ரோடு மெக்காடத்தின் வழி வந்தது. நெடுஞ்சாலைத் துறையில் 'டபிள்யூ.பி.எம்.' (வாட்டர் பவுண்ட் மெக்காடம்) என்று சொல்வதன் கடைசி எழுத்து அவர் பெயர்தான்: சல்லி பரப்பி, ரோலர் ஓட்டி, தண்ணீர் தெளித்து இறுக்குவது. ஆனால் இளகிய மண்ணில் சாலை போடும்போது முதலில் 'சோலிங்' கல் அடுக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் டெல்ஃபோர்டு இன்னும் உயிரோடு இருக்கிறார். உங்கள் தேர்வுக்கு இரண்டையும் எதிரெதிராக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். தொழிலுக்குப் போனபின் மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ஏற்றம் எங்கும் 20-க்கு 1 என்ற அளவைத் தாண்டாதபடி டெல்ஃபோர்டு மலையைச் சுற்றிக்கொண்டே சாலையைக் கொண்டுபோனார். குதிரை நடைமாறாமல் ஓடுவதற்காகச் செய்த அந்தக் கணக்கு, பின்னர் வந்த மோட்டார் லாரிகளுக்கும் அப்படியே உதவியது.

கேள்வி: ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் வந்தபின் அந்தச் சாலை என்ன ஆயிற்று? நம் தனுஷ்கோடி 'போட் மெயில்' போல் அங்கும் ஏதாவது இருந்ததா? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: இருந்தது, பெயர் 'ஐரிஷ் மெயில்'. 1848-ல் தொடங்கி, லண்டனிலிருந்து பயணிகளையும் தபாலையும் ஹோலிஹெட் கொண்டுபோய் டப்ளின் கப்பலில் சேர்த்தது. நம் போட் மெயில் தனுஷ்கோடி துறையில் தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களைச் சேர்த்தது போன்ற ஏற்பாடுதான். தனுஷ்கோடியிலிருந்து கடல்வழி சுமார் 35 கிலோமீட்டர், அங்கே அதைப்போல் மூன்று மடங்கு. மெனாயில் ரயிலுக்கென்று ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய பிரிட்டானியா பாலம் 1850-ல் திறந்தது. கோச்சு வண்டிகள் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டன. மெனாய் தொங்குபாலம் திறந்து கால் நூற்றாண்டு ஆவதற்குள் டெல்ஃபோர்டின் சாலை உள்ளூர் வண்டிகளும் மந்தைகளும் மட்டுமே போகும் தடமாகச் சுருங்கியது. சுங்கம் மட்டும் ஓயவில்லை: நாடெங்கும் டர்ன்பைக் குழுக்கள் கலைந்தபின்னும் ஆங்கிள்சியில் 1895 நவம்பர் 1 வரை வசூல் நடந்தது; அந்நாட்டின் கடைசி டர்ன்பைக் அதுதான்.

மோட்டார் வண்டி வந்தபிறகு சாலை மறுபடி எழுந்தது. அதன்பின் 1959-ல் எம் 1 விரைவுச்சாலையும், பிற்பாடு எம் 54-ம், வேல்ஸின் வடகரையில் ஏ 55-ம் அதன் சுமையைப் பங்குபோட்டுக்கொண்டன. 1970-ல் தீப்பிடித்துக் கெட்ட பிரிட்டானியா பாலத்தைத் திருத்தியபோது, ரயிலுக்கு மேல் சாலைத்தளம் ஒன்றையும் சேர்த்து 1980-ல் திறந்தார்கள். ஹோலிஹெட் லாரிகள் இப்போது பெரும்பாலும் அவ்வழியே போகின்றன. நம் போட் மெயிலுக்கோ 1964 புயலுக்குப் பின் கடலோரத் துறையே இல்லாமல் போயிற்று. அந்தத் துறையில் பணிசெய்தவர்கள் யாரேனும் உங்களோடு இருந்திருந்தால் எழுதுங்கள். இந்த இதழ் அதற்கு எப்போதும் இடம் தரும்.

கேள்வி: (மீண்டும் கீழக்கரை வாசகர், தொலைபேசியில்) மகனுக்கு இரண்டு நாள் விடுப்பு இருக்கிறதாம். அந்தச் சாலையில் எதைப் பார்க்கச் சொல்ல?

பதில்: ஷ்ரூஸ்பரியிலிருந்து மேற்கே போகச் சொல்லுங்கள். பெட்ஸ்-இ-கோயிட் ஊருக்குள் நுழையுமுன் வாட்டர்லூ பாலம் வரும். வார்ப்பிரும்பில் ரோஜாவும் பிற நாட்டுப் பூக்களும் பதித்து, வாட்டர்லூ போர் நடந்த ஆண்டில் அமைத்தது என்று வளைவிலேயே எழுதியிருக்கும். பிறகு ஆக்வென் ஏரி, அதன்பின் நான்ட் பிரான்கன் பள்ளத்தாக்கு. அங்கே வண்டியை நிறுத்தி, மலைச்சரிவில் சாலை எவ்வளவு மெல்ல இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். வழியெல்லாம் இரும்புத்தகடு பதித்த மைல்கற்களும், செப்பனிடும் சல்லியைக் குவித்து வைக்கச் சாலையோரச் சுவரில் விட்ட மாடங்களும் இருக்கும். மெனாய் பாலத்தை நடந்தே கடக்கட்டும், ஓதம் வடியும் வேளையாக இருந்தால் நல்லது. அக்கரையில் லான்வைர்புல் ஊரில் எண்கோண வடிவச் சுங்கச்சாவடி நிற்கிறது. குதிரைக்கு இவ்வளவு, மந்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் எழுதிய பலகை இன்னும் அதன் சுவரில் இருக்கிறது. அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து ஹோலிஹெட் அரை மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். கடைசியில் 1823-ல் கடலின் குறுக்கே போட்ட கரைமேல் ஏறியே ஊருக்குள் போகவேண்டும்.